யார் கையில் இருக்கிறது

செயலி ஒரு சொல்லும் சொல்லாமல் மூடிக்கொள்கிறது. ஷெல்லிடம் கேட்டால் 139 என்ற எண்ணைத் தருகிறது. சிக்னலால் இறந்த செயலிக்கு ஷெல் 128ஐ அடிப்படையாக வைத்து, சிக்னலின் எண்ணை அதனோடு கூட்டும். இங்கே கூட்டப்பட்டது 11. உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்ட செயலிக்கு லினக்ஸ் அனுப்பும் சிக்னல் அது.

பைத்தனில் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த மௌனம் புதிது. பைத்தன் தவறைச் சொல்லிவிட்டு நிற்கும் மொழி. எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன பிழை என்று வரிசையாக அச்சிடும். ஆனால் திரையில் ஜன்னலையும் பொத்தானையும் வரைவது பைத்தனுக்குக் கீழே ஓடும் சி நிரல். அது விழும்போது மேலே இருக்கும் பைத்தனுக்கு வாய் திறக்க நேரம் கிடைப்பதில்லை.

பைத்தன் 3.3இல், 2012ஆம் ஆண்டு, விக்டர் ஸ்டின்னர் எழுதிய ஃபோல்ட்ஹேண்ட்லர் என்ற கூறு பைத்தனோடு சேர்ந்தது. அதை இயக்கிவைத்தால், சாகும் கணத்தில் பைத்தன் எந்த வரியில் நின்றது என்பதையாவது அச்சிட்டுவிட்டுப் போகும். ஜன்னல் உள்ள எந்தச் செயலியிலும் இதை எப்போதும் இயக்கிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். செலவு மிகக் குறைவு.

ஆனால் அது காட்டும் வரி பெரும்பாலும் குற்றம் நடந்த வரியாக இருப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

*

யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறை வீட்டில் மழைக்காலப் பின்னேரம். மேசையில் திறந்திருப்பது ஒரு தமிழ் உரைத் தொகுப்பி. மேலே பைத்தன், கீழே ஜிடிகே, நடுவில் பைண்டிங்.

இப்படியொரு அடுக்கு ஏன் வந்தது என்பதை ஒருமுறை எழுதிவைக்கலாம். ஜிம்ப் என்ற படத்தொகுப்பிக்காக எழுதப்பட்ட பொத்தான்களும் பட்டியல்களும் தனியே பிரிந்து ஜிடிகே ஆயின. அது சி மொழி. நோர்வேயில் ஹாவார்ட் நூர்ட், ஐரிக் சாம்பே-எங் இருவரும் தொடங்கிய கியூட் 1995இல் வெளிவந்தது. அது சி பிளஸ் பிளஸ். இத்தனை ஆண்டு உழைப்பை இன்னொரு மொழியில் மறுபடி எழுத யாராலும் முடியாது. ஆகவே பைண்டிங் என்ற பாலம் போட்டார்கள். ஃபில் தொம்சன் 1998இல் பைகியூட்டைத் தந்தார். 2009இல் நோக்கியாவின் ஆதரவில் பைசைட் வந்தது. ஜிடிகேக்குப் பைஜிஆப்ஜெக்ட் இருக்கிறது.

தமிழிலும் இந்த அடுக்கு உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியில் ஒரு பிள்ளை ‘பதிப்பி’ என்று எழுதினால், அதைப் படித்து இயக்குவது பைத்தன். அந்தப் பைத்தனை இயக்குவது சி. எழிலுக்கான தொகுப்பி ஜிடிகேயின் மேல் நின்றது. அதில் தோன்றும் தமிழ் எழுத்துகளை வடிவமைத்துத் தருவது ஹார்ஃப்பஸ் என்ற சி பிளஸ் பிளஸ் நூலகம். தமிழ்ச் சொல் ஒன்று திரைக்கு வருமுன் இத்தனை மொழிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு கடவையிலும் ஏதோவொன்று கைமாறுகிறது.

*

பைத்தனில், ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண் இருக்கும். அது பூச்சியமானால் பொருள் அழியும். கியூட்டின் முறை வேறு. அங்கே ஒரு பொருளுக்குப் பெற்றோர் இருக்கலாம். பெற்றோர் அழியும்போது பிள்ளைகளையும் அழித்துவிட்டுப் போகும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஒழுங்கான முறைகள். ஒரே பொருள் இரண்டு கணக்கிலும் பதிவாகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

கியூட்டின் அட்டவணை விட்ஜெட்டை எடுத்துக்கொள்கிறேன். செட்ஐட்டம் என்ற அழைப்பால் ஒரு கட்டத்தின் பொருளை அட்டவணைக்குக் கொடுத்தால், அந்தக் கணம் முதல் அது அட்டவணையின் சொத்து. பைத்தன் அதை அழிக்கக் கூடாது. ஐட்டம் என்று கேட்டு வாங்கினால் இரவல். பார்க்கலாம், நிறம் மாற்றலாம், அழிக்கும் உரிமை இல்லை. டேக்ஐட்டம் என்று எடுத்தால் உரிமை நம்மிடம் திரும்பிவிடுகிறது, அழிக்கும் கடமையும் கூடவே வருகிறது. ஒரே பொருளுக்கு மூன்று நிலைமைகள். சி பிளஸ் பிளஸ் தலைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால் மூன்று இடத்திலும் தெரிவது வெறும் பொயின்டர். கொடுத்ததா, இரவலா, மீட்டதா என்பது அங்கே எழுதப்பட்டிருக்காது. ஆவணத்தின் ஒரு வாக்கியத்தில் இருக்கும். சிலவேளை அந்த வாக்கியமும் இருக்காது.

பைகியூட்டில் இதற்கென்று தனிக் குறிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அழைப்பையும் மனிதர் ஒருவர் படித்து, இது கையளிப்பு, இது மீட்பு என்று குறித்திருக்கிறார். ஆயிரக்கணக்கான அழைப்புகளுக்கு இந்த வேலையைச் செய்தவரை நினைத்தால் எனக்கு உண்மையாகவே மதிப்பு வருகிறது. ஒரு குறி விடுபட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். யாரும் அழிக்காமல் நினைவகம் மெல்ல மெல்ல நிரம்பும், அல்லது இருவரும் அழிப்பார்கள். முதலாவது தெரியவர நாளெடுக்கும். இரண்டாவதுதான் 139.

பைத்தன் வழியாகப் பிறந்த பொருளை கியூட் அழித்தால் பைகியூட்டுக்குச் செய்தி வந்துவிடும். பிறகு அதைத் தொட்டால், உள்ளே இருந்த பொருள் அழிந்துவிட்டது என்று ஒரு ரன்டைம் பிழை எழும். அந்தப் பிழையைக் கண்டு எரிச்சலடைபவர்கள் பலர். நான் நன்றியோடு பார்க்கிறேன். செய்தி வராத பொருள்கள்தான் அஞ்ச வேண்டியவை.

*

நெடுந்தீவுக்குப் போகும் சாமான் எல்லாம் குறிகட்டுவானில் லொறியால் இறங்கிப் படகில் ஏறுகிறது. புங்குடுதீவின் இந்தத் துறைவரைக்கும்தான் தெரு. வாணர் தாம்போதியைக் கடந்து வந்த லொறி அங்கே நிற்கும். ஏற்றி இறக்கும் கணக்குப் பார்க்கும் ஓர் அண்ணையிடம் ஒருநாள் கேட்டேன், மூட்டை குறைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று.

“தம்பி, குறையிறது தெரியவாறது அங்கை கடையிலை. ஆனா கடைக்காரனைப் பிடிச்சு என்ன செய்யிறது? லொறிக்காரன் படகிலை ஏத்தியாச்சு எண்டு நினைச்சிருப்பான். படகுக்காரன் இன்னும் இறக்கேல்லை எண்டு நினைச்சிருப்பான். ஆர் ஆரிட்டைக் குடுத்தது எண்டு துறையிலைதான் கேக்கோணும்.”

அவர் கையில் ஒரு கொப்பி இருந்தது. கொடுத்தவர், எடுத்தவர் என்று இரண்டு நிரல். பைண்டிங் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்ல நினைப்பது அந்தக் கொப்பியைத்தான்.

*

ஜிடிகே உலகில் அந்தக் கொப்பி சி நிரலின் குறிப்புரைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு செயற்கூறு திருப்பித் தரும் பொருள் முழுதாகக் கைமாறுகிறதா, இரவலா, பட்டியல் மட்டும் நம்முடையதாகி உள்ளிருப்பவை இரவலா என்று ‘ட்ரான்ஸ்ஃபர்’ குறிப்பில் எழுதுவார்கள். அதைப் படித்துத்தான் பைத்தன் பக்கம் நடந்துகொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் குறிப்பை சி கம்பைலர் சரிபார்ப்பதில்லை. ‘முழுதாக’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இரவல்’ என்று இருந்தால் நினைவகம் கசியும். மறுபுறம் பிசகினால் செயலி விழும். சி நிரலில் ஒரு தவறும் இருக்காது. பைத்தன் நிரலிலும் இருக்காது. தவறு இருப்பது குறிப்புரையில்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஜிடிகேயில் புதிதாகப் பிறக்கும் விட்ஜெட் முதலில் யாருடையதும் இல்லாமல் மிதக்கிறது. முதலில் பொறுப்பேற்பவர் அந்த மிதப்பை முடித்துவைக்க வேண்டும். சி எழுதுகிறவருக்கு இது வசதி. பைண்டிங் எழுதுகிறவருக்குத் தூக்கம் கெடும்.

*

இறந்த இடம் வேறு, குற்றம் நடந்த இடம் வேறு. அழித்த பொருளின் நினைவகம் உடனே வெறுமையாகிவிடுவதில்லை. பழைய எழுத்துகள் அப்படியே கிடக்கும். அதைத் தொட்டாலும் சிலவேளை சரியான விடை வரும். அந்த இடத்தை வேறொரு பொருள் எடுத்துக்கொண்ட பிறகு தொட்டால்தான் விழும். அதனால்தான் இந்தக் கிராஷ்கள் ஒரு கணனியில் வரும், இன்னொன்றில் வராது. பரிசோதிக்கும்போது வராது, பயன்படுத்துகிறவரிடம் வரும்.

அட்ரஸ் சானிடைசர் என்ற கருவி இங்கே துணை. அழித்த இடத்தைத் தொட்டதும் நிறுத்தி மூன்று அழைப்பு வரிசைகளை அச்சிடும்: இப்போது தொட்டது யார், முன்பு அழித்தது யார், முதலில் உண்டாக்கியது யார். நான் முதலாவதை விரைவாகக் கடந்துவிடுவேன். நேரம் செலவிட வேண்டியது இரண்டாவதில். அழித்தவர் தனக்கு உரிமை உண்டு என்று ஏன் நம்பினார்? அந்தக் கேள்விக்கு விடை வந்தால் பிழை பிடிபட்டது.

பைத்தனோடு இந்தக் கருவிகளைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 512 பைட்டுகள் வரையான சிறு பொருள்களுக்குப் பைத்தன் நினைவகத்தைப் பெருந்துண்டாக வாங்கித் தானே பிரித்துக் கொடுக்கிறது. கருவிக்குப் பெருந்துண்டுதான் தெரியும், உள்ளே நடக்கும் பிரிவினை தெரியாது. பைத்தன்மாலொக் என்ற சூழல்மாறிக்கு மாலொக் என்ற மதிப்பைக் கொடுத்தால் ஒவ்வொன்றும் வெளிச்சத்துக்கு வரும்.

எப்போதாவது மட்டும் வரும் கிராஷை எப்போதும் வரச்செய்யவும் ஒரு வழி உண்டு. சந்தேகமான ஒவ்வொரு அடிக்கும் பிறகு கார்பேஜ் கலெக்டரை வலிந்து கூப்பிட வேண்டும். வெளியே பிடிப்பவர் இல்லாமல் ஒன்றையொன்று மட்டும் பிடித்திருக்கும் பொருள்கள் அங்கேயே அழியும், கிராஷ் குற்றத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். மொசில்லாவில் பிறந்த ஆர்ஆர் என்ற கருவி இன்னும் மேலே போகிறது. ஓட்டத்தை முழுதாகப் பதிவுசெய்து, இறந்த கணத்திலிருந்து பின்னோக்கி நடக்க விடுகிறது. நினைவக இடம் ஒன்றில் காவல் வைத்துப் பின்னே போனால், கடைசியாக அதை மாற்றிய வரியில் போய் நிற்கலாம்.

*

நயினாதீவு. இரவு.

இங்கே இருந்து வேலை செய்தால் கருவியைத் தெரிவு செய்வதிலேயே ஒரு கட்டுப்பாடு வந்துவிடுகிறது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின்வலையமைப்போடு தொடுக்கப்படாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளில் வாழ்ந்த தீவுகள். சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின் திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது: 1700 கிலோவாட் சூரிய மின், 530 கிலோவாட் காற்று மின், 2400 கிலோவாட் மணி சேமிக்கும் மின்கலங்கள். மின்சாரத்தை எண்ணிச் செலவிடும் இடம் இது. நினைவகப் பிழை தேட ஜூலியன் சீவர்டின் வல்கிரைண்ட் அருமையான கருவிதான், ஆனால் அதன் கீழே செயலி இருபது மடங்கு மெதுவாக ஓடக்கூடும். மடிக்கணனியின் மின்கலம் அத்தனை நேரம் பொறுக்காது. சானிடைசர் என்றால் இரண்டு மடங்கோடு போகும், ஆனால் நூலகத்தை அதற்கென்று மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஆகவே படகேறுமுன் யாழ்ப்பாணத்தில் வைத்தே கம்பைல் செய்து, டிபக் சிம்பல்களையும் இறக்கிக்கொண்டு வருகிறேன். சிம்பல் இல்லாத அழைப்பு வரிசை வெறும் எண்களின் பட்டியல். அதை வைத்து எவரும் எதையும் சிந்திக்க முடியாது.

மின்கலம் குறைந்த நேரத்தில் நிரலை ஓட்டாமல் படிக்கிறேன். கைமாறும் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இப்போது யார் கையில் என்று கேட்டுக்கொண்டு போகிறேன். கண்டுபிடிப்புகளில் பாதி இந்த வாசிப்பில்தான் வருகின்றன.

*

இனி, தமிழுக்கே உரிய கிராஷ்.

நயினாதீவு என்று எழுதினால் நம் கணக்கில் ஐந்து எழுத்து. யுனிகோடில் உயிர்க்குறிகள் தனியே எண்ணப்படுவதால் அது ஒன்பது குறியீடுகள். யூடிஎஃப்-8 வடிவில் வழக்கமான தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, ஆக 27. ஒரே சொல்லுக்கு மூன்று நீளங்கள். பைத்தன் ஒன்பது என்று எண்ணும். எழுத்துகளை வடிவமைக்கும் பேங்கோ 27 என்று எண்ணும். ஜிடிகேயின் உரைத் தாங்கியில் இரண்டு வகை எண்ணிக்கைக்கும் தனித்தனி அழைப்புகள் இருக்கின்றன, பெயர்கள் கிட்டத்தட்ட ஒரேமாதிரி.

சியில் எழுதிய எழுத்துப்பிழை திருத்தி ஒன்று, பிழையான சொல் எங்கே முடிகிறது என்று பைட்டில் சொல்கிறது என்று வையுங்கள். பைண்டிங் அதை அப்படியே பைத்தனுக்குக் கொடுக்கிறது. பைத்தன் நிரலை எழுதியவர் அதை எழுத்தின் இடமாக எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எண். ஆகவே சோதனைகள் எல்லாம் தேறுகின்றன, வெளியீடு நடக்கிறது. தமிழ் வரியில் அந்த எண் வரியின் எல்லையைத் தாண்டிப் போய் நிற்கிறது. 3.20க்கு முந்தைய ஜிடிகேயில் இல்லாத இடத்தைக் கேட்பதற்கே அனுமதி இருக்கவில்லை. பிறகுதான் வரியின் முடிவைத் தந்து சமாளிக்கும்படி மாற்றினார்கள்.

மறுபக்கம் நடந்தால் இன்னும் நுட்பம். எழுத்தின் இடத்தைப் பைட்டாகக் கொடுத்தால், 4 என்ற இடம் ‘ய’ என்ற எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே விழுகிறது. அப்போது ஜிடிகே எச்சரிக்கை அச்சிடுகிறது, இது உரைத் தாங்கியைக் கவிழ்க்கும் என்றே சொல்கிறது. எண் மூன்றின் மடங்காக இருந்துவிட்டாலோ எச்சரிக்கையும் வராது. சத்தமில்லாமல் வேறோர் எழுத்தில் போய் நிற்கும். பயன்படுத்துகிறவர் ஒரு சொல்லை அழிக்கப்போய் இன்னொன்றை இழப்பார்.

கொழும்பு என்ற சொல்லில் இன்னொன்று. அதன் ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். யுனிகோடின்படி இரண்டும் சமம். நடுவில் ஒரு நூலகம் ஒன்றை மற்றொன்றாக மாற்றினால் எட்டுக் குறியீடு ஒன்பதாகிவிடும். அதற்குப் பின்னால் உள்ள எல்லா இடங்களும் நகர்ந்துவிடும்.

கியூட்டில் உரை யூடிஎஃப்-16 வடிவில் இருப்பதால் வழக்கமான தமிழுக்குப் பைட்டா குறியீடா என்ற தொல்லை இல்லை. ஒரு குறியீட்டுக்கு ஓர் அலகு. ஆனால் 2019இல், யுனிகோட் 12இல், தமிழின் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. முந்திரி என்ற 1/320 அதில் முதலாவது. அவை ஒவ்வொன்றும் கியூட்டில் இரண்டு அலகு, பைத்தனில் ஒன்று. பழைய காணி உறுதியொன்றைத் தட்டெழுதி முந்திரியைப் போட்ட பிறகு, கர்சர் ஓர் இடம் தள்ளி நிற்கிறது என்று ஒருவர் முறையிட்டால் அவர் சொல்வது சரி.

2018 பெப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக் கோவை வந்த செய்தியைத் திறந்ததும் ஐபோன் செயலிகள் விழுந்தன. அதே மாதத்தில் ஐஓஎஸ் 11.2.6 வந்து அதைத் திருத்தியது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் சோதனையிலும் ஓர் இந்திய எழுத்துக் கோவை தப்பியிருந்தது. நம் மொழிகள் அந்தச் சோதனைக் கோப்புகளில் போதிய அளவு இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

*

கோல்பேக்குகள் பற்றிச் சுருக்கமாக. பைத்தன் செயற்கூறு ஒன்றை, பொத்தான் அழுத்தும்போது கூப்பிடு என்று சியிடம் கொடுக்கிறோம். சி அதன் முகவரியை மட்டும் வைத்துக்கொள்ளும், பிடித்துக்கொள்ளாது. பைத்தன் பக்கத்தில் வேறு பிடிப்பு இல்லாவிட்டால் அது அழிந்துவிடும். முகவரி இருக்கும், ஆள் இருக்கமாட்டார். சிடைப்ஸின் ஆவணமே இதை வெளிப்படையாக எச்சரிக்கிறது. ஜாவாவின் ஜேஎன்ஐயிலும் இதே நியாயம்: உள்ளூர்க் குறிப்பு அந்த அழைப்பு முடியும்வரைதான் செல்லும், நீண்டகாலம் வேண்டுமென்றால் உலகளாவிய குறிப்பாக மாற்றி வைக்க வேண்டும்.

கோல்பேக்குக்குள் எழும் விதிவிலக்குகள் (எக்ஸெப்ஷன்கள்) மொழி எல்லையைத் தாண்டக் கூடாது. பைத்தனில் எழுந்த பிழை சி பிளஸ் பிளஸ் வழியாக மேலேறிப் போக வழியில்லை. முன்பு பைகியூட் அதை அச்சிட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடும். 5.5 பதிப்பிலிருந்து, பிடிக்கப்படாத பிழை என்றால் செயலியையே நிறுத்திவிடுகிறது. பலர் கோபப்பட்டார்கள். நான் அந்த முடிவை ஆதரிக்கிறேன். பாதி உடைந்த நிலையில் தொடர்ந்து ஓடி ஒருவரின் ஆவணத்தைக் கெடுப்பதைவிட அங்கேயே நிற்பது மேல். ரஸ்ட் மொழியும் 2024இல், 1.81 பதிப்பில், இதே முடிவுக்கு வந்தது: சி எல்லையில் பேனிக் ஏற்பட்டால் செயலி நிறுத்தப்படும்.

*

தமிழில் வேலை செய்யும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணனியில் ஒரு ஜன்னல் தமிழ் எழுதியதால் விழுந்தால், மறுபடி திறந்துகொண்டு பேசாமல் போய்விடாதீர்கள். என்ன எழுதினீர்களோ அந்தச் சொல்லை அப்படியே, நூலகத்தின் பதிப்பு எண்ணோடு, ஜிடிபி என்ற பிழைதேடும் கருவி தரும் அழைப்பு வரிசையோடு, கிராஷ் வரும் மிகச் சிறிய நிரலோடு சேர்த்து அந்த நூலகத்தைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். பைண்டிங் எழுதுகிறவராக இருந்தால், கைமாறும் ஒவ்வொரு அழைப்புக்கும் மேலே ஒரு வரி எழுதிவையுங்கள்: கொடுத்தது யார், அழிப்பது யார், எண்ணுவது பைட்டா எழுத்தா. சோதனைக் கோப்பில் ஊர்காவற்றுறையையும் சேருங்கள். அதில் ஏழு எழுத்து, 12 குறியீடு, 36 பைட்டு.